பழைய காகிதத்துக்கு நானோ இழை வலு கொடுக்குமா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பழைய அட்டைப்பெட்டிகளைக் கரைத்துக் கிராஃப்ட் காகிதம் செய்யும் ஆலைகளுக்கும், அந்தக் காகிதத்தை வாங்கிப் பெட்டி செய்யும் பட்டறைகளுக்கும் பல வருடங்களாகப் போய்வருகிறேன். என் வேலை கூழைச் சோதிப்பது. செல்லுலோஸ் நானோ இழை என்ற பெயர் பரவத் தொடங்கியதிலிருந்து, ஆலை முதலாளி முதல் பொறியியல் மாணவர் வரை எல்லோரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் பின்னால் வருபவை எளிதாகப் புரியும்.

செல்லுலோஸ் நானோ இழை என்றால் என்ன சார்? பிளாஸ்டிக் மாதிரி ஏதாவது ரசாயனமா?

இல்லை. காகிதம் எதனால் ஆனதோ அதேதான். செடி கொடி மரங்களின் உடம்பில் உள்ள செல்லுலோஸை 1838இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயன் பிரித்துக் காட்டினார். காகிதக் கூழில் இருக்கும் ஒரு நார் 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமும், 20 முதல் 30 மைக்ரோமீட்டர் அகலமும் உள்ளது. தேர்வடத்தைப் பிரித்தால் புரிகள் வரும், புரியைப் பிரித்தால் நூல்கள் வரும். அதுபோல அந்த நாரையும் பிரித்துக்கொண்டே போகலாம். மரத்தில் கடைசியாகக் கிடைக்கும் அடிப்படை இழையின் அகலம் 3 அல்லது 4 நானோமீட்டர். நடைமுறையில் கிடைக்கும் சரக்கில் பெரும்பாலும் அவை சில பத்து நானோமீட்டர் அகலமுள்ள கற்றைகளாக இருக்கும். தலைமுடியின் தடிமன் 80 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், 20 நானோமீட்டர் இழை அதில் 4,000இல் ஒரு பங்கு.

முதன்முறை பார்ப்பவர்கள் வியப்பது அதன் தோற்றத்தைக் கண்டுதான். 2 சதவீத நானோ இழையை ஒரு கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள், விழாது. ஆறிப்போன ஜவ்வரிசிக் கஞ்சிபோல ஒட்டிக்கொண்டு நிற்கும். 100 பங்கில் 98 பங்கு தண்ணீர், அதை இரண்டே பங்கு இழை பிடித்து நிறுத்துகிறது. இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் நன்மை, தொல்லை இரண்டுமே இந்தப் பிடிப்பிலிருந்துதான் வருகின்றன.

பழைய காகிதம் ஏன் வலுவிழக்கிறது? நார் இற்றுப்போய்விடுகிறதா?

பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் மரத்தை ரசாயனத்தில் வேகவைத்து எடுத்த வேதிக்கூழிலிருந்து வந்த நாரைத் தனியாக இழுத்துச் சோதித்தால், அது பழைய வலிமையை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும். கெட்டுப்போவது நாருக்கும் நாருக்கும் இடையிலான பிடிப்பு. கொத்தவரங்காயை வெயிலில் காயவைத்து வற்றலாக்கிவிட்டு, மறுபடி எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் அது பச்சைக் காயாகத் திரும்புவதில்லை. நாருக்கும் அதே கதி. காகித மெஷினின் டிரையரில் சூடுபட்டுக் காயும்போது நாரின் சுவரில் உள்ள நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன. அவற்றில் ஒரு பகுதி மறுபடி திறப்பதே இல்லை. 1944இல் ஜெர்மானிய அறிஞர் கேயார்க் ஜேமே இதற்குக் கொம்புபோல் இறுகுதல் என்ற பொருளில் பெயர் வைத்தார்.

இறுகிய நார் தண்ணீர் குடித்து உப்புவதில்லை. வளைந்து கொடுப்பதும் இல்லை. அதனால் பக்கத்து நாரோடு படிந்து ஒட்டும் பரப்பு குறைகிறது. இந்த இழப்பில் பெரும்பங்கு முதல் முறை உலர்த்தும்போதே நடந்துவிடும்; அடுத்தடுத்த சுற்றுகளில் வேகம் குறையும். ஒரு நாரை 5 முதல் 7 முறை சுழற்சி செய்யலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை மருந்துப் பட்டையில் அச்சிட்ட காலாவதித் தேதிபோல எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்படிக் கரைத்தோம், எப்படி அரைத்தோம், எவ்வளவு கடுமையாக உலர்த்தினோம் என்பதைப் பொறுத்து அது மாறும்.

அப்படியானால் நானோ இழை அங்கே போய் என்ன செய்கிறது?

ஒட்டாமல் நிற்கும் இரண்டு நார்களுக்கு நடுவே பாலம் போடுகிறது. செல்லுலோஸின் ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. அவை ஒன்றையொன்று நெருங்கினால் ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகும். காகிதத்தை முக்கியமாகத் தாங்கிப் பிடிப்பது அதுதான். ஆனால் மிக மிக நெருங்கினால்தான் அந்தப் பிணைப்பு பிடிக்கும். விறைத்துப்போன நார்களால் அவ்வளவு நெருங்க முடியாது. நடுவில் உள்ள இடைவெளியில் நானோ இழைகள் வலைபோலப் படிகின்றன. தாள் காயும்போது வெளியேறும் தண்ணீர் எல்லாவற்றையும் இழுத்து இறுக்க, இடைவெளி அடைபட்டுப் பிணைப்புகள் பெருகுகின்றன.

இவ்வளவு சிறிய அளவு எப்படிப் போதும் என்பது பரப்பளவுக் கணக்கு. 20 மைக்ரோமீட்டர் நாரை 20 நானோமீட்டர் இழைகளாகப் பிரித்தால் அகலம் ஆயிரத்தில் ஒன்றாகிறது. அதே எடைக்கு வெளிப்பரப்பு ஆயிரம் மடங்காகிறது. ஒட்டுவதற்கு வேண்டியது பரப்புதானே.

எவ்வளவு போட வேண்டும்? எவ்வளவு வலு கூடும்?

உலர்ந்த கூழின் எடையில் 1 முதல் 3 சதவீதம் என்பது பேசத்தக்க அளவு. 5 சதவீதத்துக்கு மேல் போவது ஆய்வுக் கட்டுரைக்கு நன்றாக இருக்கும், மெஷினுக்கு ஆகாது. ஆய்வுக்கூடத்தில் கையால் செய்த தாள்களில் 3 சதவீதத்துக்கு இழுவலிமை 20 முதல் 30 சதவீதம் வரை கூடுவது வழக்கமாகக் காணும் விஷயம். கூழ் ஏற்கெனவே நன்றாக ஒட்டக்கூடியதாக இருந்தால் பலன் குறைவாகவே தெரியும். இழுவலிமை கூடும்போது பி.எஃப். என்று நாம் சொல்லும் வெடிப்பு வலிமை எண்ணும் கூடவே ஏறும்.

கிழிவலிமை இந்த வரிசையில் வராது. அது நாரின் நீளத்தைச் சார்ந்தது. முதலில் கொஞ்சம் ஏறி, பிணைப்பு மிகுந்தபின் இறங்கவும் செய்யும். உங்கள் சரக்கில் நார் குட்டையாகிப்போனதுதான் குறை என்றால் நானோ இழை அதைத் தீர்க்காது. நீள நாருள்ள பழைய பெட்டிச் சரக்கைக் கலப்பதுதான் வழி. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் பழைய பெட்டிகளுக்கு இங்கே மதிப்பு இருப்பது அதனால்தான். அவற்றில் ஊசியிலை மரங்களின் நீள நார் இருக்கிறது.

ஏற்கெனவே ஸ்டார்ச் போடுகிறோமே, அது போதாதா?

பல ஆலைகளுக்குப் போதும். இதை நான் ஒளிக்காமல் சொல்லிவிடுவது வழக்கம். விலைக்கு வலு என்று பார்த்தால் ஸ்டார்ச்சை வெல்வது கடினம். ஆனால் ஸ்டார்ச்சுக்கு ஒரு பின்விளைவு உண்டு. பெட்டி திரும்பி வந்து பல்ப்பரில் கரையும்போது, மேலே பூசிய ஸ்டார்ச்சின் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்துவிடும். அதைத் தின்று பாக்டீரியா பெருகும். குழாய்களில் வழவழப்பு, தொட்டியில் புளித்த நாற்றம், கழிவுநீரில் சுமை எல்லாம் அதன் தொடர்ச்சி. தண்ணீரை வெளியே விடாமல் சுழற்றும் ஆலையில் இந்தத் தொல்லை இன்னும் கூடும். நானோ இழை தண்ணீரில் கரைவதில்லை.

இரண்டையும் எதிரெதிராக நிறுத்தவும் தேவையில்லை. நேர்மின்னேற்றம் கொண்ட ஸ்டார்ச் நானோ இழையைத் தாளில் பிடித்து வைக்கவும் உதவுகிறது. கீழே தனியாகச் சொல்கிறேன்.

ரீஃபைனரில் இன்னும் கொஞ்சம் அடித்தால் அதே வலு வந்துவிடாதா?

ஓரளவு வரும். ரீஃபைனரின் தட்டுகளுக்கிடையே நசுங்கும் நார் மேலே பிசிறு பிசிறாக உரியும்; அந்தப் பிசிறும் நானோ இழையின் உறவுதான். ஆனால் பழைய நார் முன்பே ஒன்றிரண்டு முறை அடிவாங்கி வந்தது. மறுபடி கடுமையாக அடித்தால் ஒட்டுமளவுக்கு உரிவதற்குமுன் துண்டாகிவிடும். வலு கூடும், கிழிவலிமை விழும், தூள் பெருகும். அடுத்த சுற்றுக்கு அந்த நார் இன்னும் மோசமாகத் திரும்பி வரும்.

எல்லா நாரையும் அடிப்பதற்குப் பதிலாக, ஒரு சிறு பங்கை மட்டும் எடுத்து முழுவதுமாக இழைபிரித்து, மீதியை நோகாமல் விடலாம் என்பதே நானோ இழையின் உட்கருத்து. ஸ்பெயினில் ஜிரோனா பல்கலைக்கழகத்திலும் மாட்ரிட் கம்ப்லூட்டன்ஸ் பல்கலைக்கழகத்திலும் மறுசுழற்சிக் காகிதத்தை வைத்து இந்தத் திசையில் நிறைய வேலை நடந்திருக்கிறது. எனக்கு இந்தக் கருத்தில் நம்பிக்கை உண்டு. நார் பிழைக்கிறது என்பதே காரணம்.

இதை எப்படிச் செய்கிறார்கள்? பெரிய தொழிற்சாலை வேண்டுமா?

முதலில் செய்தது அமெரிக்காவின் ஐ.டி.டி. ரேயோனியர் நிறுவனத்து டர்பாக் குழு. பாலில் கொழுப்பு தனியே மிதக்காமலிருக்கப் பால் பண்ணையில் வைத்திருக்கும் ஹோமோஜெனைசர் உண்டல்லவா, அதுபோன்ற உயரழுத்தக் கருவி வழியே கூழைத் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். கூழ் ஜெல்லாக மாறியது. 1980களின் தொடக்கத்தில் காப்புரிமைகளும் கட்டுரைகளும் வெளிவந்தன.

இன்னொரு வழி அரைப்பது. ஜப்பானில் செய்யப்படும் ஒரு வகை அரைவை இயந்திரத்தில் இரண்டு பீங்கான் கற்கள் முகத்தோடு முகம் வைத்திருக்கும். ஒன்று நிற்கும், ஒன்று சுழலும். நம் வீட்டுத் திரிகையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகம் ஆலைகளில் உள்ள ரீஃபைனரைக் கொண்டே நாளுக்கு ஒரு டன் செய்யும் முன்னோட்ட ஆலை நடத்துகிறது. ஜப்பானில் நிப்பான் பேப்பர் நிறுவனம் 2017இல் இஷினோமாகி ஆலையில் ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள பிரிவைத் தொடங்கியது. இந்தியாவில் மும்பையிலுள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் பஞ்சுத் தூசிலிருந்து நானோ செல்லுலோஸ் எடுக்கும் முன்னோட்ட ஆலையை அமைத்திருக்கிறது.

கரன்ட் பில் கட்டுப்படியாகுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூழை எந்த முன்பக்குவமும் செய்யாமல் ஹோமோஜெனைசரில் தள்ளினால் ஒரு டன் நானோ இழைக்கு 20,000 முதல் 30,000 யூனிட் வரை மின்சாரம் பிடிக்கும் என்று பழைய அறிக்கைகள் சொல்கின்றன. ஒரு டன் காகிதத்தில் 2 சதவீதம், அதாவது 20 கிலோ போடுகிறோம். 30,000 என்று கொண்டால் அந்த 20 கிலோவுக்கு 600 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் டன்னுக்கு 4,800 ரூபாய். கிராஃப்ட் காகிதத்தில் இது நடக்காது.

ஆனால் என்சைம் போட்டு நாரைத் தளர்த்திவிட்டு அரைத்தால், தேவை டன்னுக்கு 1,000 யூனிட் அளவுக்கு இறங்கியதாகவும் அறிக்கைகள் உண்டு. அப்போது 20 கிலோவுக்கு 20 யூனிட், 160 ரூபாய். மேலே என்சைம் செலவு. ஆக, நானோ இழை கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த வழியில் செய்த இழை என்று முதலில் கேளுங்கள்.

டெம்போ முறையில் செய்ததுதான் சிறந்தது என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். அதைத்தானே வாங்க வேண்டும்?

இழையைப் பிரிக்கும் நேர்த்தியில் அது சிறந்தது, ஐயமில்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அகிரா இசோகாய், ட்சுகுயுகி சைட்டோ ஆகியோர் டெம்போ என்ற வினையூக்கியால் இழைகளின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றத்தை ஏற்றினார்கள். ஒன்றையொன்று தள்ளும் இழைகள் லேசாகக் கலக்கினாலே 3, 4 நானோமீட்டருக்குப் பிரிந்துவிடுகின்றன. ஜெல் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். இந்த வேலைக்காக 2015இல் அவர்களுக்கும் யோஷிஹாரு நிஷியாமாவுக்கும் ஸ்வீடனின் மார்க்குஸ் வாலன்பெரி பரிசு கிடைத்தது.

பெட்டிக் காகிதத்துக்கு இந்த நேர்த்தி வேண்டாம் என்பது என் முடிவு. ரசாயனச் செலவு ஒரு பக்கம். அதைவிட முக்கியம், அவ்வளவு நுண்ணிய, அவ்வளவு மின்னேற்றமுள்ள இழை தண்ணீரை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் முரடான, என்சைமோடு அரைத்த இழைதான் நம் மெஷின்களுக்கு ஒத்துவரும்.

எங்கள் மெஷினில் போட்டுப் பார்த்தோம், தண்ணீர் வடியவே இல்லை. ஏன்?

கரண்டியில் கவிழ்த்த ஜெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது அதன் இயல்பு. காகிதம் செய்வதோ கூழிலிருந்து தண்ணீரை விரட்டும் வேலை. வயர் எனப்படும் ஓடும் சல்லடையின் மேல் கூழ் முதலில் பளபளவென்று கண்ணாடிபோல மின்னும். கொஞ்ச தூரத்தில் திடீரென்று அந்தப் பளபளப்பு மங்கி, தாளின் சொரசொரப்பு தெரியும். குறுக்கே ஒரு கோடு இழுத்தாற்போல இருக்கும். அனுபவமுள்ள மெஷின்காரர் மீட்டரைப் பார்ப்பதற்குமுன் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பார்.

ஒரு சிறிய ஆலையில் என் பேச்சைக் கேட்டு ஒரேயடியாக 3 சதவீதம் போட்டார்கள். சில நிமிடங்களில் அந்தக் கோடு வயரின் கடைசி உருளையை நோக்கி நகரத் தொடங்கியது. கணிசமான தூரம் போயிற்று. நனைந்த தாள், தண்ணீரைப் பிழியும் முதல் பிரஸ்ஸில் ஒட்டிக்கொண்டு அறுந்தது. மெஷின்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தவறு என்னுடையது. அரை சதவீதத்தில் தொடங்கி, கோட்டைப் பார்த்துப் பார்த்து ஏற்றியிருக்க வேண்டும்.

பிரஸ்ஸில் இரண்டு புள்ளி குறைந்தாலும் எவ்வளவு இழப்பு என்று பாருங்கள். பிரஸ்ஸைவிட்டு வரும் தாளில் 45 சதவீதம் நார், 55 சதவீதம் தண்ணீர் என்றால் ஒரு டன் நாரோடு 1.22 டன் தண்ணீர் வருகிறது. நார் 43 சதவீதமாக இறங்கினால் அது 1.33 டன். டிரையர் சுமார் 9 சதவீதம் கூடுதலாகத் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். நீராவி அதற்குமேல் இல்லையென்றால் மெஷின் வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான். வலுவில் கிடைத்த லாபம் அங்கே போய்விடும்.

மூன்று வழிகள் எனக்குப் பயன்பட்டிருக்கின்றன. நானோ இழை போடும்போதே ரீஃபைனரின் சுமையைக் குறைப்பது முதல் வழி. இரண்டுமே தண்ணீரைத் தடுப்பவை, ஒன்றில் விட்டுக்கொடுத்தால்தான் இன்னொன்றுக்கு இடம். அடுத்தது, தாளைப் பல அடுக்காகச் செய்யும் மெஷினில் வெளியடுக்குக்கு மட்டும் போடுவது. மூன்றாவது, கூழில் போடாமலே, காய்ந்த தாளின் மேல் ஸ்டார்ச் பூசும் சைஸ் பிரஸ்ஸில் ஸ்டார்ச்சோடு சிறிதளவு சேர்ப்பது. அங்கே வயர் கிடையாது என்பதால் இந்த வடிகால் சிக்கலும் இல்லை. ஆனால் கலவை சட்டென்று கெட்டியாகும். அதனால் அளவு மிகக் குறைவாகத்தான் போகும்.

போட்ட இழை எல்லாம் தாளில் நிற்கிறதா, தண்ணீரோடு போய்விடுகிறதா?

கவனிக்காவிட்டால் போய்விடும். வயரின் கண்ணைவிட இழை மிகச் சிறியது. அதோடு நார், இழை இரண்டுமே எதிர்மின்னேற்றம் கொண்டவை; தாமாக ஒட்டிக்கொள்ள விருப்பமில்லாதவை. நடுவே நேர்மின்னேற்றமுள்ள ஸ்டார்ச்சோ பாலிஅக்ரிலமைடோ வேண்டும். முதலில் கெட்டியான கூழில் நானோ இழையைக் கலந்து நேரம் கொடுப்பேன், பிறகு ஸ்டார்ச், கூழை வயரில் விடும் ஹெட்பாக்ஸுக்குச் சற்று முன்னால், இழையைத் தாளில் நிறுத்தும் பிடிப்பு மருந்து.

பழைய காகிதக் கூழின் தண்ணீரில் கரைந்துகிடக்கும் அழுக்கும் எதிர்மின்னேற்றம் உள்ளதே. நீங்கள் இழைக்காகப் போட்ட மருந்தை அது முதலில் விழுங்கிவிடும். வயருக்குக் கீழே வடியும் வெள்ளைத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இழை போட்டபின் கலங்கல் கூடியிருந்தால் பணம் வடிகிறது என்று அர்த்தம்.

பவுடராக வாங்கிக்கொள்ள முடியாதா? தண்ணீருக்கா லாரி வாடகை கொடுப்பது?

நியாயமான கேள்வி. 2 சதவீத ஜெல்லை 10 டன் லாரியில் ஏற்றினால் வந்து சேரும் இழை 200 கிலோதான். ஆனால் உலர்த்தினால், வற்றல் கதை இங்கேயும் நடக்கிறது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். தண்ணீரில் போட்டால் பழைய ஜெல் வராது, பொடிக் கட்டிகளாக அடியில் கிடக்கும். உலராமல் பிழிந்து 10 சதவீதம், 20 சதவீதப் பசையாக விற்பவர்கள் உண்டு. அதைக்கூட நன்றாகக் கலக்கிப் பிரிக்காமல் போட்டால் வீண். ஆலைக்குள்ளேயே செய்து, ஈரத்தோடு அப்படியே கூழில் விடுவதுதான் காகிதத்துக்குப் பொருந்தும் வழி.

பழைய காகிதத்திலிருந்தே நானோ இழை எடுக்கலாமா? வாழைநார், கரும்புச்சக்கை எல்லாம் ஆகுமா?

பழைய காகிதத்திலிருந்து எடுக்கலாம், எடுத்திருக்கிறார்கள். சுண்ணாம்புத் தூள், களிமண், மணல், ஒட்டுப்பசை ஆகியவைதான் எதிரிகள். ஹோமோஜெனைசரின் நுண்ணிய வாயை அவை அடைக்கும், கல்லைத் தேய்க்கும். நன்றாகச் சலித்த, சாம்பல் (எரித்தால் எஞ்சும் தாதுத்தூள்) குறைந்த பங்கை மட்டும் எடுக்க வேண்டும்.

கரும்புச்சக்கை நமக்குப் பழகிய சரக்கு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980களிலிருந்தே அதைக் கூழாக்கிக் காகிதம் செய்கிறது. சக்கை, வைக்கோல் போன்றவற்றின் கூழில் ஹெமிசெல்லுலோஸ் அதிகம்; அது இழைகளுக்கு நடுவே இருந்து அவை எளிதாகப் பிரிய உதவுகிறது. வாழைத்தண்டு நாரும் நல்லதே. ஆனால் தண்டின் எடையில் பெரும்பகுதி தண்ணீர், தூரத்துக்கு ஏற்றிப்போகக் கட்டாது. தென்னை நாரைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் நாரை இறுக்கி வைக்கும் லிக்னின் என்ற பொருள் மிக அதிகம். அதை நீக்கும் செலவை எண்ணினால் கயிறு திரிப்பதே அதற்குச் சிறந்த வேலை.

பி.எஃப். 18இலிருந்து 20 ஆகிவிட்டால் ஜி.எஸ்.எம்.மைக் குறைத்துவிடலாம் அல்லவா?

பெட்டிக்காரர்கள் கண்ணில் ஒளியோடு கேட்கும் கேள்வி. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்; வெடிப்பு வலிமையை அதால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் பி.எஃப். வெடிப்பு வலிமை மட்டும் பார்த்தால் ஆம். 150 ஜி.எஸ்.எம்., 18 பி.எஃப். காகிதத்தின் வெடிப்பு வலிமை சதுர சென்டிமீட்டருக்கு 2.7 கிலோ. 20 பி.எஃப். என்றால் அதே 2.7 கிலோ 135 ஜி.எஸ்.எம்.மிலேயே கிடைக்கும். பத்தில் ஒரு பங்கு காகிதம் மிச்சம்.

ஆனால் கிடங்கில் பெட்டிமேல் பெட்டி அடுக்கும்போது அடிப்பெட்டியைக் காப்பது பி.எஃப். அல்ல. பெட்டி எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கு 1963இல் மெக்கீ குழுவினர் தந்த சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறோம். அட்டையின் விளிம்பு எவ்வளவு நசுக்கலைத் தாங்கும், அட்டை எவ்வளவு தடிமன், பெட்டியின் சுற்றளவு என்ன ஆகியவற்றைப் பொறுத்தது அது. நானோ இழை போட்ட தாள் அடர்த்தியாகி மெலிகிறது, ஜி.எஸ்.எம்.மையும் குறைத்தால் இன்னும் மெலியும். தாளின் விறைப்போ தடிமனின் மும்மடிப் பெருக்கத்தோடு ஓடுகிறது. வளையம் நசுக்கும் சோதனையையும், செய்து முடித்த பெட்டியின் தாங்குதிறன் சோதனையையும் பார்க்காமல் எடையைக் குறைக்க வேண்டாம். குறைத்துவிட்டு அடிப்பெட்டி அமுங்கிய படத்தைச் செல்பேசியில் அனுப்பி என்ன செய்வது என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

மழைக்காலத்தில் பெட்டி தொய்கிறது. இது காப்பாற்றுமா?

காப்பாற்றாது. நார்களை இணைப்பதும் நானோ இழை இணைப்பதும் ஒரே ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் நடுவே புகுந்தால் இரண்டும் விடும். ஈரத்துக்கு, தாள் தண்ணீரை உறிஞ்சாமலிருக்கச் சேர்க்கும் ரோசின் அல்லது ஏ.கே.டி. சைசிங், ஈரவலிமைப் பிசின் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. இழை போட்ட தாளில் துளைகள் குறைவதால் காற்றும் எண்ணெயும் மெதுவாக ஊடுருவும். அதைப் பார்த்துத் தண்ணீரும் நுழையாது என்று சில விற்பனையாளர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

பழைய செய்தித்தாள் கூழுக்கும் இதே விதிதானா?

இல்லை. செய்தித்தாள் நாரில் பெரும்பகுதி மரத்தை இயந்திரத்தால் அரைத்தே எடுத்தது. லிக்னின் உள்ளேயே இருக்கிறது. அது நாரின் சுவரைத் தாங்கிப் பிடிப்பதால், இரண்டாவது பதிலில் சொன்ன இறுகல் அங்கே மிகக் குறைவு. அந்த நார் முதல் நாளிலிருந்தே விறைப்பும் குட்டையும்தான். நானோ இழையின் பாலம் அதற்கும் உதவும். ஆனால் இழந்ததை மீட்டோம் என்று அங்கே சொல்ல முடியாது, இல்லாததைச் சேர்க்கிறோம்.

நானோ என்றாலே நுரையீரலுக்குக் கெடுதல் என்கிறார்களே?

ஆலையில் இது எப்போதும் ஈரமாக இருக்கும்; ஜெல்லிலிருந்து தூசி பறக்காது. செல்லுலோஸ் உணவிலும் மாத்திரைகளிலும் சேர்க்கப்படும் பொருளே. கவனம் தேவைப்படுவது காய்ந்த நிலையில். தரையில் சிந்திக் காய்ந்ததைக் கூட்டிப் பெருக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உலர்ந்த பொடியைக் கையாள்பவர் முகக்கவசம் அணிய வேண்டும். உள்ளே போன செல்லுலோஸ் தூசை நுரையீரலால் எளிதில் கரைத்து வெளியேற்ற முடியாது. பஞ்சாலைத் தொழிலாளர்களைக் கண்ட ஊர்களில் தூசியின் கொடுமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நானோ இழை போட்ட பெட்டியை மறுபடி கரைத்தால் என்ன ஆகும்?

மற்றப் பெட்டிபோலவே கரையும். பிணைப்பு கூடியிருப்பதால் பல்ப்பரில் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கலாம். ஆனால் முதல் சுற்றில் போட்ட இழை இரண்டாம் சுற்றிலும் அதே வலுவைத் தரும் என்று எண்ண வேண்டாம். டிரையரில் அதுவும் இறுகிவிட்டது. நாரோடு ஒட்டி நாராகிவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் போட வேண்டும். எனக்கு இதில் குறையாகத் தெரிவதில்லை. ரீஃபைனரில் நாரை வெட்டாமல் காத்தோமே, அடுத்த சுற்றுக்குப் போகும் லாபம் அதுதான்.

ஆய்வுக்கூடத்தில் அருமையாக வந்தது, மெஷினில் வரவில்லை. எங்கே தப்பு?

பெரும்பாலும் தண்ணீரில். ஆய்வுக்கூடத்தில் சுத்தமான தண்ணீர். ஆலையில் பலமுறை சுழன்ற தண்ணீர். முன்னே சொன்ன அழுக்கு அங்கேதான் மருந்தைத் தின்கிறது. ஆலையின் வெள்ளைத் தண்ணீரையே கேனில் எடுத்து வந்து கைத்தாள் செய்யுங்கள். பாதிப் புதிர் விடுபடும். அடுத்தது எடை. இழை போட்ட தாளும் போடாத தாளும் ஒரே ஜி.எஸ்.எம்.தானா என்று பாருங்கள். தூள் கூடுதலாகப் பிடிபட்டதால் தாள் கனத்துவிட்டு, அந்தக் கனத்தின் வலுவை இழையின் கணக்கில் எழுதியவர்கள் உண்டு. சாம்பல் சோதனையும் கூடவே செய்ய வேண்டும். கடைசியாக, ஆய்வுக்கூடத்தில் தாள் வடிய எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறோம். மெஷின் காத்திருக்காது. கூழிலிருந்து தண்ணீர் எவ்வளவு மெதுவாக வடிகிறது என்று காட்டும் எஸ்.ஆர். அளவை ஒவ்வொரு தாளுக்கும் குறித்துவையுங்கள்; வலு எண்ணுக்குப் பக்கத்திலேயே அது இருக்கட்டும்.

வாளியில் வைத்த ஜெல் இரண்டு வாரத்தில் நாற்றமடிக்கிறது. பயன்படுத்தலாமா?

என்சைம் முறையில் செய்ததாக இருந்தால் சீக்கிரம் கெடும். கொஞ்சம் எஞ்சிய சர்க்கரை இருந்தாலும் பூஞ்சைக்கு விருந்துதான். மேலே கறுப்பும் இளஞ்சிவப்புமாகப் புள்ளி தெரிந்தால் அதைக் கூழ்த்தொட்டியில் விடாதீர்கள். மெஷின் முழுக்க வழவழப்பைப் பரப்பிவிடும். மூடிய பாத்திரத்தில், குளிர்ச்சியாக, தேவையென்றால் ஆலையில் வழக்கமாகப் போடும் கிருமிக்கொல்லியோடு வையுங்கள். உறையவிட மட்டும் வேண்டாம். ஐஸ் படிகங்கள் வளரும்போது இழைகளை நெருக்கித் தள்ளிக் கற்றையாக்கிவிடும். உருகியபின் பார்த்தால் தெளிந்த தண்ணீர் ஒரு பக்கமும் பஞ்சுபோல் திரண்ட இழை ஒரு பக்கமுமாக நிற்கும். எவ்வளவு கலக்கினாலும் அது கரண்டியில் நிற்கும் ஜெல்லாகத் திரும்பாது.